ஆளில்லா வண்டியும் கேளாத நியாயமும்

புகையிரதப் பாதையே இல்லாத பாண்டிருப்பிலிருந்து புகையிரதத்தைப் பற்றி எழுத வந்த எம்மைக் கண்டு வாசகர்கள் சிலர் நகைக்கலாம். தண்டவாளம் காணாத ஊராருக்குத் தண்டவாளத்தைப் பற்றி என்ன கவலை என்று வினவவும் கூடும். கவலை உண்டு. எமக்கு அண்மையிலுள்ள புகையிரத நிலையம் மட்டக்களப்பு. கல்முனையிலிருந்து கரையோர வீதி வழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றாற்றான் அந்நிலையத்தின் வாயிலை மிதிக்கலாம். 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை வந்தடைந்த பாதை அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீண்டு கிடக்கும் தமிழ் பேசும் கரையோரத்திற்குப் பிரயாணிகள் வண்டி இன்றுவரை வரவில்லை.

ஆகவே எமது மக்கள் புகையிரதம் ஏற விரும்பின் மட்டக்களப்பிலேயே சீட்டு வாங்குகின்றனர். அங்கே பிரயாணிகளை எண்ணும் உத்தியோகத்தர், அவர்களுள் மருதமுனையார் எத்தனை பேர், சம்மாந்துறையார் எத்தனை பேர், நற்பிட்டிமுனையார் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. அவருடைய ஏட்டில் எல்லாரும் மட்டக்களப்பாரே. நாளை அந்த எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கூறி ஒரு வண்டி நிறுத்தப்படுமானால், நட்டத்தில் ஒரு பங்கு எமக்குரியது. ஆனால் அந்த நட்டத்தைப் பற்றி எம்மை ஒருவரும் விசாரிக்கப் போவதில்லை. நாம் எழுத வந்ததன் காரணம் இதுவே.

புகையிரதம் நடத்துவோர் உலகமெங்கும் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். ஆட்கள் ஏறாத வண்டியை ஓட்டுவது பொதுப் பணத்தைப் புகையாக்குவதாகும். அந்த வண்டியையும் அதன் சாரதியையும் நெரிசல் மிகுந்த பாதைக்கு மாற்றினால் பலர் பயனடைவர் என்பதே அவ்வாதம். கடைக்கோடி நிலையங்களுக்குச் செல்லும் வண்டிகளும், நகரங்களை அடுத்து ஒரு பிரதான பாதையை மற்றொன்றோடு பொருத்தும் சிறு இணைப்புப் பாதைகளில் ஓடும் வண்டிகளும் முதலில் இவ்வாதத்துக்குப் பலியாகின்றன.

மறுதரப்பையும் கேள் என்பது சட்டம் பயின்ற எவரும் கற்கும் முதற்பாடம். ஆதலால் அவ்வாதத்தில் உள்ள நியாயத்தை நாம் முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். வெற்று வண்டியில் எரியும் எண்ணெய், நாவிதன்வெளியில் சேற்றில் நின்று வேளாண்மை செய்யும் கமக்காரனின் வரிப்பணம். அதனை வீணாக்கும் உரிமை எந்தத் திணைக்களத்துக்கும் இல்லை. எமது கரையோரத்தவரில் பெரும்பாலோர் இரவு பஸ்ஸிலேயே கொழும்பு செல்கின்றனர் என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. வீட்டு வாசலுக்கு அருகே ஏறி, மறுநாட் காலையில் கொழும்பில் இறங்குவது அவர்களுக்கு வசதி. அதில் எமக்குக் குறையொன்றுமில்லை.

எமது வினா வேறு. வண்டியில் ஆட்கள் இல்லை என்று தீர்ப்பளிப்பவர் யார்? எந்த நாளில் எண்ணினார்? ஆட்கள் இல்லாமற் போனது ஏன் என்று ஆராய்ந்தாரா? தீர்ப்பளிக்குமுன் யாரையேனும் அழைத்துக் கேட்டாரா?

ஆளில்லாமற் போனது எவ்வாறு?

ஒரு வண்டி வெறுமையாக ஓடுவதற்கு இரு காரணங்கள் இருத்தல் கூடும். ஊருக்கு அவ்வண்டி தேவையற்றுப் போயிருக்கலாம். அல்லது ஊருக்கு உதவாத வேளையில் அது ஓட்டப்படலாம். முன்னையது மக்களின் விருப்பம். பின்னையது நடத்துவோரின் தவறு. ஆயின் ஏட்டிலே இரண்டும் ஒரே இலக்கமாகவே தோன்றும்.

இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரை அடுத்து ஸ்ரொக்போட் என்னும் ஊருக்கும் ஸ்ரேலிபிறிட்ஜ் என்னும் ஊருக்கும் இடையே ஓர் இணைப்புப் பாதை உண்டு. 1990களின் தொடக்கத்திலிருந்து பல்லாண்டுகளாக அதில் வாரத்துக்கு ஒரேயொரு பிரயாணிகள் வண்டியே ஓடிற்று. அதுவும் ஒரே திசையில்! வெள்ளிக்கிழமை அதில் ஏறிச் சென்றவருக்கு அதே பாதையில் திரும்பி வர வண்டி கிடையாது. 2018ஆம் ஆண்டிலேயே அது சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டு இரு திசையிலும் ஓடத் தொடங்கியது. இத்தகைய வண்டியில் எத்தனை பேர் ஏறினர் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை ஊராரின் விருப்பத்துக்குச் சான்றாகக் காட்டுவது எவ்வகை நீதி? வாரத்தில் அரைமணி நேரம் கடையைத் திறந்து வைத்த வணிகன், இந்த ஊரில் அரிசி வாங்குவாரில்லை என்று கையை விரிப்பதற்கு ஒப்பானதன்றோ அது?

எமது நிலையும் இதுவே. கல்முனையிலிருந்து புறப்படும் முதல் பஸ் மட்டக்களப்பை அடையுமுன் காலை வண்டி புறப்பட்டுவிடுமானால், அவ்வண்டி எமக்கு இல்லாத வண்டியே. இரவு வண்டி அதிகாலையில் வந்து சேரும்போது தெற்கே செல்ல பஸ் காத்திருக்காவிடின், முதியவர் ஒருவர் அவ்வண்டியில் வரத் துணியார். பஸ் நேரத்தை வகுப்பவரும் புகையிரத நேரத்தை வகுப்பவரும் ஒருநாளேனும் ஒரே மேசையில் அமர்ந்து பேசாதவரை, குறைந்த எண்ணிக்கை மக்கள்மீது சுமத்தத்தக்க குற்றமாகாது.

சட்டம் கேட்கச் சொன்னது

வண்டியை நிறுத்துமுன் பிரயாணியைக் கேட்க வேண்டும் என்பது எமது கற்பனையன்று. பாதைகளை மூடுவதில் பெயர் பெற்ற பிரித்தானியாவே அதனைச் சட்டமாக்கியது. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நாட்டுப் புகையிரத சபையின் தலைவர் டாக்டர் றிச்சட் பீச்சிங் ஓர் அறிக்கை வெளியிட்டார். நாட்டிலுள்ள பாதைகளில் மூன்றிலொரு பங்கு, மொத்தப் பிரயாணத்தில் நூற்றுக்கு ஒரு பங்கையே சுமக்கின்றது என்று கணக்குக் காட்டி, 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் நீளமான பாதைகளில் பிரயாணிகள் சேவையையும் மூடிவிடலாம் என்று அவர் பரிந்துரைத்தார்.

ஆயின் அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய 1962ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் அவருடைய கையைச் சிறிது பிடித்தது. அதன் 56ஆம் பிரிவின்படி, ஒரு பிரயாணிகள் சேவையை மூட விரும்பும் சபை குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் அவ்வூர்ப் பத்திரிகைகளில் அறிவித்தல் வெளியிட வேண்டும். அவ்வண்டியைப் பயன்படுத்தும் எவரும் ஆட்சேபம் எழுதியனுப்பலாம். ஆட்சேபம் வந்துவிட்டால், பிரயாணிகளின் ஆலோசனைக் குழு அதனை ஆராய்ந்து, மூடுவதால் மக்களுக்கு நேரும் கஷ்டம் யாது என்று மந்திரிக்கு அறிக்கை செய்ய வேண்டும். மந்திரி சம்மதிக்கும்வரை வண்டியை நிறுத்தலாகாது.

அச்சட்டம் குறையற்றதன்று. குழு கஷ்டம் ஒன்றையே விசாரிக்கலாம்; சபை காட்டிய கணக்குச் சரியா என்று கேட்க அதற்கு அதிகாரம் இருக்கவில்லை. எத்தனையோ பாதைகள் விசாரணையின் பின்னரும் மூடப்பட்டன. எனினும் கேட்கும் கடமை இருந்தமையாற் பிழைத்த பாதைகளும் உண்டு. வட இங்கிலாந்தின் செற்றில் நகரிலிருந்து கார்லைல் நகருக்குச் செல்லும் மலைப்பாதையை மூட 1980களில் முயன்றபோது 22,000க்கும் அதிகமான ஆட்சேபங்கள் குவிந்தன. அவற்றுள் ஒன்று ஒரு நாயின் பாதச்சுவடு பதித்தது! 1989 ஏப்பிரலில் மந்திரி மூடுவதற்கு மறுத்துவிட்டார். இன்றும் அப்பாதையில் வண்டிகள் ஓடுகின்றன.

இச்சட்டத்தை ஏய்க்க உத்தியோகத்தர் செய்த தந்திரத்தையும் சொல்லத்தான் வேண்டும். மூடுவதற்குரிய நடைமுறை நீண்டதாதலால், மூடாமலே மூடுவதற்கு வழி கண்டனர். வாரத்துக்கு ஒரு வண்டியை மட்டும் ஓட்டி, பாதை திறந்திருக்கிறது என்று சட்டத்தின் கண்ணில் மண் தூவினர். ஸ்ரொக்போட் வண்டியின் இரகசியம் அதுவே. லண்டன் மாநகரில் இது விநோதத்தின் எல்லையைத் தொட்டது. 2008ஆம் ஆண்டின் இறுதியில், மேற்கு லண்டனையும் தெற்கு லண்டனையும் பொருத்தும் சிறு இணைப்புப் பாதைகளில் ஓடிய ஒரு சேவை நின்றது. மூடும் நடைமுறை முடியும்வரை சட்டத்தை நிறைவு செய்யவேண்டி, ஈலிங் புறோட்வேயிலிருந்து வான்ட்ஸ்வர்த் றோட் வரை வாரத்துக்கு ஒருமுறை ஒரு பஸ் ஓடியது. அதில் ஏறுவாரில்லை. பேய் பஸ் என்று பத்திரிகைகள் அதற்குப் பெயரிட்டன.

இதனைப் படித்து நாம் நகைக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கள்ளன் கூரையைப் பிரித்து இறங்குகிறான் என்றால், கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது என்பது பொருள். பிரயாணியைக் கேட்க வேண்டும் என்ற கடமை அங்கே இருந்தபடியாற்றான் அதனைத் தட்டிக்கழிக்க அத்தனை பாடுபட்டனர். கடமையே இல்லாத நாட்டில் தந்திரத்துக்கு அவசியமில்லை. நேரசூசியிலிருந்து ஒரு வரியை அடித்துவிட்டாற் போதும்.

போன பாதை மீள்வதில்லை

எமது நாட்டுக்கு இதில் பட்டறிவு இல்லாமலில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஏறிய உடப்புசல்லாவைக் குறுகிய பாதை 1948ஆம் ஆண்டில் முற்றாக மூடப்பட்டது. தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஓடிய அப்பாதை எண்பது ஆண்டுகளை நெருங்கியும் மீளவில்லை. கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி ஆகிய நகரங்களைத் தொட்டு ஓப்பநாயக்க வரை சென்ற களனிவெளிப் பாதையில், எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களில் கைவிடப்பட்டது. எஞ்சிய பகுதி 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இன்று நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை ஆகிய இடங்களிலிருந்து காரியாலயம் செல்வோர் அதனையே நம்பியிருக்கின்றனர். ஒரே பாதை, காத்த பகுதி கனி தருகிறது, கைவிட்ட பகுதி காடாயிற்று. மூடியவர்கள் அன்றிருந்த பிரயாணிகளை எண்ணினர். முப்பதாண்டின் பின் வரவிருந்த பிரயாணிகளை எண்ணவில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். தமிழகத்தில் மாயவரத்தையும் தரங்கம்பாடியையும் இணைத்து 1926இல் திறக்கப்பட்ட பாதை 1986இல் மூடப்பட்டது. இடையிலுள்ள திருக்கடையூருக்கு அறுபதாங் கல்யாணத்துக்காக நாள்தோறும் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். வருகின்றவர் இருக்கின்றனர், ஏறிவர வண்டிதான் இல்லை.

பாதையை இழந்து மீண்டும் பெறுவது எத்துணைப் பெரும்பாடு என்பதை வடக்கு அறியும். போரினால் 1990இல் அறுந்த யாழ்ப்பாணச் சேவை, இந்தியக் கடனுதவியோடு பாதை புதிதாக இடப்பட்டு, 2014 ஒக்ரோபரிலேயே யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. கால் நூற்றாண்டு! அவ்வாறு மீண்ட பாதை, 2022இல் எரிபொருள் இன்றி நாடு தவித்தபோது தன் பயனைக் காட்டியது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில், உத்தியோகத்தர் வேலைக்குச் செல்ல வழியற்றிருந்த வேளையில், முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே யாழ் ராணி என்ற வண்டி தொடங்கப்பட்டது. பாதை இருந்தது, ஆதலால் சில நாட்களில் வண்டி விட முடிந்தது. பாதை இல்லாத எமது கரையோரத்தார் எண்ணெய் வரிசையில் நின்றனர்.

எண்ணிக்கையில் அகப்படாதவர்

எண்ணிக்கை எல்லாரையும் காட்டுவதில்லை. கல்முனையிலிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு மாதந்தோறும் செல்ல வேண்டிய ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். எட்டு மணி நேரம் பஸ் ஆசனத்தில் நிமிர்ந்திருக்க அவருடைய உடல் இடந்தராது. எழுந்து நடக்கவும், கால் நீட்டவும், மலசலகூடத்துக்குச் செல்லவும் வசதியுள்ளது புகையிரதமே. ஏட்டில் அவர் ஒரு சீட்டு. அவ்வண்டி நின்றால் அவருடைய சிகிச்சை நின்றுவிடலாம் என்பதை அந்த ஏடு சொல்லாது. வெள்ளிக்கிழமை வீடு திரும்பும் பல்கலைக்கழக மாணவன், உச்ச நீதிமன்றத்தில் தன் காணி வழக்கைக் கேட்கச் செல்லும் ஏழை விவசாயி ஆகியோர் கதையும் இதுவே.

இணைப்புப் பாதைக்கு இன்னொரு இயல்பும் உண்டு. அதன் பெறுமதி அதில் ஏறுவோரின் தொகையில் மட்டும் இல்லை. அது பொருத்தும் இரு பாதைகளின் பயனிலும் இருக்கிறது. மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் கல்லோயாச் சந்தியிற் பிரிகின்றன. கிழக்கு மாகாணத்தின் இரு பெரும் நகரங்களுக்கிடையே புகையிரதத்திற் செல்ல விரும்புவோர் மேற்கே அச்சந்திவரை சென்றே திரும்ப வேண்டும். அங்கே ஒரு வண்டி மற்றதற்காகக் காத்திராவிட்டால் பிரயாணம் முறிந்தது. அச்சந்தியில் இறங்கி ஏறுவோர் சிலரே என்று அத்தொடர்பை அறுத்துவிடுவது, இரு வயல்களுக்கும் நீர் பிரியும் மதகில் நெல் விளையவில்லை என்று மதகை மூடுவதை ஒக்கும்.

நாம் கேட்பவை

நட்டத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியையும் ஓட்டிக்கொண்டே இருங்கள் என்று நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது ஒழுங்கு. புகையிரதத்துக்கான 1902ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தைத் திருத்தி, பிரித்தானியாவின் 56ஆம் பிரிவுக்கு ஈடான, ஆனால் அதன் குறைகள் நீங்கிய ஒரு பிரிவு எழுதப்பட வேண்டும்.

முதலாவதாக, ஒரு பிரயாணிகள் சேவையை நிறுத்தவோ, பயனற்ற அளவுக்குக் குறைக்கவோ விரும்பும் திணைக்களம் மூன்று மாதங்களுக்கு முன் மும்மொழியிலும் அறிவிக்க வேண்டும். குறைப்பதையும் சேர்த்தே சொல்கிறோம். இல்லையேல் பேய் வண்டிகள் எமது நாட்டுக்கும் வந்துவிடும்.

இரண்டாவதாக, எண்ணிக்கை ஒரு முழு ஆண்டுக்கு உரியதாக இருத்தல் வேண்டும். பெரும்போக அறுவடையும் சிறுபோகமும், நோன்புப் பெருநாளும் தைப்பொங்கலும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பும், பாடசாலை விடுமுறையும் அடங்காத எண்ணிக்கை எமது நாட்டின் எண்ணிக்கையாகாது. பிரயாணி எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் அதிற் பதியப்பட வேண்டும்.

மூன்றாவதாக, விசாரணை பாதிக்கப்படுவோரின் ஊரில், அவர்களுடைய மொழியில் நடைபெற வேண்டும். மட்டக்களப்பு வண்டியைப் பற்றிய விசாரணை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நடக்கட்டும். திணைக்களத்தின் வரவு செலவுக் கணக்கைப் பரிசீலிக்கும் அதிகாரமும் விசாரிப்போருக்கு இருக்கட்டும்.

நான்காவதாக, மூடுமுன் ஓராண்டு திருத்திப் பார்க்க வேண்டும். நேரத்தை மாற்றியும், பஸ்ஸோடு பொருத்தியும், நீண்ட வண்டிக்குப் பதிலாகச் சிறு வண்டி விட்டும் பார்க்கலாம். இரு பஸ்களை முதுகோடு முதுகு பொருத்தித் தண்டவாளத்தில் ஓட்டும் புகையிரத பஸ் எமது நாட்டிலேயே ஓடியதன்றோ?

ஐந்தாவதாக, இவ்வளவின் பின்னும் சேவை நிறுத்தப்படின், மாற்று பஸ் முதலில் ஓடத் தொடங்க வேண்டும். தண்டவாளத்தைக் கழற்றவோ பாதைக் காணியைப் பிறருக்குக் கொடுக்கவோ கூடாது.

இவை அனைத்தையும் செய்த பின்னரும் ஒருவரும் ஏறவில்லையெனின், அவ்வண்டியை நிறுத்துவதற்கு முதற் கையெழுத்து இடுவோர் நாமாக இருப்போம்.

மட்டக்களப்பு, திகாமடுல்ல மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள், அவர்கள் எக்கட்சியினராயினும், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசுதல் வேண்டும். காரணம் ஒன்று உண்டு. வாசகர்கள் அதனை மனத்திற் கொள்வாராக. மட்டக்களப்புப் பாதையைக் கல்முனைக்கும் அங்கிருந்து பொத்துவிலுக்கும் நீட்ட வேண்டும் என்பது இக்கரையோரத்தின் நெடுநாட் கோரிக்கை. ஆட்கள் ஏறாத இடத்தில் வண்டி வேண்டாம் என்பதே நாட்டின் கொள்கையாக நிலைக்குமானால், அக்கோரிக்கைக்கு விடை இப்பொழுதே எழுதப்பட்டாயிற்று. கல்முனையில் இன்று புகையிரதம் ஏறுவோர் எத்தனை பேர்? ஒருவருமில்லை. காரைதீவில்? ஒருவருமில்லை. அக்கரைப்பற்றில்? ஒருவருமில்லை. ஆகவே பாதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? 1928க்கு முன் இதே கணக்கைப் போட்டிருந்தால் மட்டக்களப்புக்கும் வண்டி வந்திராது.